அடித்துப் பார்க்க முடியாத மேளம்

எமது ஊர்ப் பாடசாலையொன்றின் அதிபர் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நேரே என் கடைக்கு வந்தார். பேண்ட் வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியரும் உடன் வந்திருந்தார். வழமையாக அதிபர் வந்தால் பூட்டு, கீல், தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது கேட்பார். அன்று அவர் கையில் இருந்தவை இரண்டு விலைக்கூறுகள். பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து பேண்ட் குழுவுக்குப் புதிய மேளங்கள் வாங்கப் பணம் திரட்டியிருந்தார்கள். சைட் ட்ரம் ஆறு, டெனர் ட்ரம் இரண்டு, பேஸ் ட்ரம் ஒன்று, சிம்பல் இரண்டு சோடி. இதுதான் செட்.

“ஹாஜியார், இந்த இரண்டில் எதை எடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் அதிபர்.

முப்பது வருடமாக ஹாட்வெயார் வியாபாரம் செய்பவன் நான். மேளத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆசிரியரைப் பார்த்தேன். “அடித்துப் பார்த்தால் நானே சொல்லிவிடுவேன் ஹாஜியார். அடித்துப் பார்க்க வழியில்லையே. இரண்டும் ஓடர் கொடுத்த பிறகுதான் வருமாம்” என்றார்.

(மேளம் வாங்குவதைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதலாமா என்று சிலர் கடிதம் எழுதக்கூடும். அந்த விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். பாடசாலை முடிவெடுத்துவிட்டது. நான் எழுதுவது கொள்வனவைப் பற்றி மாத்திரம். உங்களில் ஒருவர் தையல் இயந்திரத்தையோ ஜெனரேட்டரையோ இதே மாதிரிப் படத்தை மட்டும் பார்த்து வாங்கும் நிலையில் இருக்கலாம்.)

விடயம் சின்னதல்ல. சில வருடங்களுக்கு முன்பும் இதே பாடசாலை படத்தைப் பார்த்து ஒரு செட் வாங்கியது. படத்தில் பளபளவென்று இருந்தது. எமது கடற்கரைக் காற்றில் ஒரு வருடத்துக்குள் வளையங்களில் துரு ஏறியது. போல்ட்டுகள் இறுகிப்போய்த் தோலை இழுத்துக் கட்ட முடியவில்லை. பேஸ் ட்ரம்மைச் சுமந்த எட்டாம் வகுப்புப் பையன் இல்ல விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தோள்பட்டை சிவந்துபோய் உட்கார்ந்துவிட்டான். இம்முறை பணம் கொடுத்தவர்களில் கடலுக்குப் போகிறவர்களும் கூலி வேலை செய்கிறவர்களும் இருந்தார்கள். இரண்டாவது தடவையும் பிழைத்தால் மூன்றாவது தடவை கேட்பதற்கு யாருக்கும் முகம் இருக்காது.

ஒரு விலைக்கூறு கொழும்பிலுள்ள ஒரு கடையினுடையது. அவர்கள் இந்தியாவின் மீரட் நகரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். மற்றையது பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து ஒரு தயாரிப்பாளர் நேரடியாக அனுப்பியது. இரண்டு ஊர்களும் இந்தத் தொழிலுக்குப் பெயர் போனவை. மீரட்டின் ஜாலி கோட்டி பகுதியில் பேண்ட் வாத்தியங்கள் செய்யும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. சியால்கோட்டை நம்மவர்களுக்குக் கால்பந்தால் தெரியும். 2014 உலகக் கிண்ணப் போட்டிக்கான பந்து அங்கேதான் செய்யப்பட்டது. சத்திரசிகிச்சைக் கருவிகளும், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பேக்பைப்பும் மேளமும் அங்கே செய்கிறார்கள். அந்த ஊர் வியாபாரிகள் தாங்களே பணம் போட்டு ஒரு சர்வதேச விமான நிலையத்தைக் கட்டி 2007 இல் திறந்தார்கள் என்பதை எமது வர்த்தக சங்கங்கள் யோசித்துப் பார்க்கலாம். இன்னொரு விடயம், 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து போன குடும்பங்கள்தான் மீரட்டின் விளையாட்டுப் பொருள் தொழிலை வளர்த்தன. ஆகவே ‘இந்தியச் சாமானா, பாகிஸ்தான் சாமானா’ என்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டு ஊரிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. கேள்வி, இந்தக் குறிப்பிட்ட செட் எப்படிப்பட்டது என்பதுதான்.

இரண்டு பேரும் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் இரண்டையும் போட்டுக் காட்டி, “சியால்கோட் மேளத்தின் சத்தம்தான் உறுதியாக இருக்கிறது” என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் வியாபாரப் புத்தி ஒன்று இருக்கிறதே, சும்மா விடவில்லை. சியால்கோட் பாயுடன் எனக்குத் தெரிந்த கொஞ்ச உருதுவிலும் கொஞ்ச ஆங்கிலத்திலும் பேசி, அதே மேளத்தின் மேல்தோலைச் சற்றுத் தளர்த்தி, வேறொரு அறையில் வைத்து அடித்து அனுப்பச் சொன்னேன். வந்தது. எந்த வீடியோ எதுவென்று சொல்லாமல் ஆசிரியரிடம் காட்டினேன். “இது வேறு மேளம், மட்டமானது” என்றார். நான் உண்மையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவர் கெட்டிக்காரர், பிழை அவருடையதல்ல. சத்தம் என்பது கூட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தோல் எவ்வளவு இறுக்கம், அறைச் சுவர் எப்படி, அடிக்கிறவன் கை எப்படி, எல்லாம் அதில் கலந்திருக்கிறது. போதாக்குறைக்குக் கையடக்கத் தொலைபேசியின் மைக் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும், சின்னச் சத்தத்தை உயர்த்திவிடும். மேளத்தின் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்மானிப்பதும், பிரியாணியைப் படத்தில் பார்த்து உப்புச் சொல்வதும் ஒன்றுதான்.

அப்படியென்றால் வீடியோ பயனற்றதா? இல்லை. எதை வீடியோ உண்மையாகக் காட்டுமோ அதைத்தான் கேட்க வேண்டும். தராசு முள், அளவு நாடா, காந்தம் ஆகியவற்றுக்கு மைக் தேவையில்லை.

அன்றிரவே இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு மேளத்தையும் தராசில் வைத்து, நிறை தெரியும்படி படம் எடுங்கள். விட்டத்தையும் ஆழத்தையும் நாடா வைத்துக் காட்டுங்கள். கூட்டின் மீதும், வளையத்தின் மீதும், போல்ட் பிடிக்கும் கட்டைகள் மீதும் ஒரு காந்தத்தை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டுங்கள். போல்ட்டைக் கழற்றிப் புரியின் அளவைச் சொல்லுங்கள். தோல் எதனால் ஆனது, உதிரித் தோல் என்ன விலை, எத்தனை நாளில் அனுப்புவீர்கள் என்றும் எழுதுங்கள். இவ்வளவுதான்.

இதில் காந்தம் என் தொழிலிலிருந்து வந்த பழக்கம். குழாய்ச் சாமான் வாங்கும்போது பித்தளை என்று சொல்லிக் குரோம் பூசிய இரும்பைத் தள்ளிவிடுவார்கள். இரும்பில் காந்தம் ஒட்டும். பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. பளபளப்பைத் தருவது குரோம்; ஆனால் அது மிக மெல்லிய படலம். துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதற்குக் கீழேயுள்ள நிக்கல் பூச்சுத்தான். நிக்கலைக் குறைத்துப் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். கடற்காற்றில் வைத்தால் நுண்ணிய துளைகள் வழியாக ஈரம் இரும்பைத் தொட்டுவிடும். பாடசாலையின் பழைய செட்டுக்கு நடந்தது அதுதான்.

புரி விடயத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேளத்தின் தோலை இழுத்துப் பிடிப்பது சதுரத் தலையுள்ள போல்ட்டுகள். உலகில் பெரும்பாலான மேளங்களில் 12-24 என்ற அளவுப் புரி இருக்கிறது, ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர் பருமன், அங்குலத்துக்கு 24 சுற்று. சில தயாரிப்பாளர்கள் 6 மில்லிமீற்றர் போல்ட்டைப் போடுகிறார்கள், அதில் அங்குலத்துக்கு இருபத்தைந்தரைச் சுற்று அளவில் வரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாகத் திருகினால் புரி தேய்ந்து இரண்டும் வீணாகும். 6 மில்லிமீற்றர் என்றால் ஊர் லேத் பட்டறையில் ஒன்று செய்து கொள்ளலாம். 12-24 என்றால் முப்பது வருட ஹாட்வெயார்காரனான என்னிடமே இல்லை. வாங்கும்போதே உதிரி கேட்டு வாங்க வேண்டும்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. 14×12 என்று எழுதியிருந்தால், சிலர் விட்டத்தை முதலில் எழுதுவார்கள், சிலர் ஆழத்தை முதலில் எழுதுவார்கள். 14 அங்குல விட்டத்துக்குத் தோல் எங்கும் கிடைக்கும். விட்டம் 12 ஆக வந்து இறங்கினால் ஆறு பிள்ளைகளும் வேறொரு மேளத்தைத்தான் அடிப்பார்கள். தோல், ஆட்டுத் தோலா கன்றுத் தோலா என்ற பேச்சு எமக்குத் தேவையில்லை. 1950களின் பிற்பகுதியிலேயே பொலியெஸ்டர் தோல் வந்துவிட்டது. ஈரக் காற்றில் மிருகத் தோல் தளர்ந்துவிடும், பொலியெஸ்டர் அப்படியல்ல. எமது ஊருக்கு அதுதான் சரி.

பதில்கள் வந்தன. கொழும்புக் கடைக்காரர் மூன்று கேள்விக்குத்தான் பதில் சொன்னார். “இது கெடலொக் சாமான் ஹாஜியார், எல்லாப் பாடசாலைக்கும் இதைத்தான் கொடுக்கிறோம், ஒருவரும் குறை சொன்னதில்லை” என்றார். மரக்கூடு என்பதும், உதிரித் தோல் தன் கடையிலேயே இருக்கிறது என்பதும் அவர் பக்கத்தின் பெரிய பலம். நிறையைக் கேட்டால், சாமான் வந்த பிறகு நிறுத்துச் சொல்கிறேன் என்றார். சியால்கோட் பாய் ஒன்பது வீடியோ அனுப்பினார். காந்தம் கூட்டிலும் வளையத்திலும் ‘டக்’கென்று ஒட்டியது. “இரும்புத் தகடுதான் பாய். கடற்கரை என்று முதலே சொல்லியிருந்தால் அலுமினியக் கூடு சொல்லியிருப்பேன், விலை கூடும்” என்று எழுதினார். 28 அங்குலப் பேஸ் ட்ரம் விலைக்கூறில் 8 கிலோ என்று இருந்தது. தராசில் 9.4 கிலோ காட்டியது. அந்தப் படத்தை அவரே அனுப்பியிருந்தார்.

தனக்குப் பாதகமான தகவலைத் தானே அனுப்புகிற விற்பனையாளரை நான் என் வாழ்நாளில் அதிகம் கண்டதில்லை. என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதிபருக்கோ தயக்கம். “கொழும்பென்றால் பிழை வந்தால் போய்ச் சண்டையாவது பிடிக்கலாம். சியால்கோட்டுக்கு யார் போவது?” என்றார். நியாயமான கேள்வி. உள்ளூரில் வாங்கினால் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் எம் பக்கம் நிற்கும். விவரித்த பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் ஏற்க மறுக்கலாம். கடல் கடந்து வாங்கும்போது ஏட்டில் உரிமை இருந்தாலும் அதைப் பிடித்து இழுக்கச் செலவு கூட.

எல்.சி. திறந்தால் பாதுகாப்புத்தானே என்று பழைய மாணவர் சங்கத்தில் ஒருவர் கேட்டார். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2007 ஜூலை முதலாம் திகதியிலிருந்து நடைமுறையிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கை அல்ல. கப்பல் பத்திரமும் இன்வொய்ஸும் சரியாக இருந்தால், பெட்டிக்குள் மேளம் இருந்தாலும் தகரப் பேணி இருந்தாலும் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். பெட்டிக்குள் இருப்பதை யாராவது பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும் என்று நாமே நிபந்தனை போட்டால்தான் உண்டு. இந்தச் சின்னத் தொகைக்கு அந்தச் செலவு கட்டாது.

பார்க்காத பொருளை வாங்குவதைப் பற்றி எமது ஃபிக்ஹ் நூல்கள் நெடுங்காலத்துக்கு முன்பே பேசியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு பொருளைக் காணாமலேயே விற்பது ஷாஃபிஈ மத்ஹபின் பலமான கருத்துப்படி செல்லாது. ஹனஃபி மத்ஹபில் செல்லும், ஆனால் கண்ட பின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. தன்மை, அளவு, தவணை எல்லாவற்றையும் தெளிவாக்கி முழு விலையையும் முன்கூட்டியே கொடுப்பது ஸலம். விபரத்தை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சச்சரவு வருவதெல்லாம் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்துதான்.

நாங்கள் எடுத்த வழி மாதிரி. முழுச் செட்டுக்கும் பணம் அனுப்பாமல், அலுமினியக் கூடுள்ள ஒரு சைட் ட்ரம்மை மட்டும் கூரியரில் எடுத்தோம். இங்கே ஒரு கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். பெட்டி 40×40×35 சென்றிமீற்றர். மூன்றையும் பெருக்கினால் 56,000. கூரியர்காரர்கள் வழமையாக அதை 5,000 ஆல் பிரிப்பார்கள், 11.2 கிலோ. மேளத்தின் உண்மை நிறை 5 கிலோவுக்குள். ஆனாலும் கட்டணம் 11.2 கிலோவுக்குத்தான், காற்றுக்குக் கொடுக்கும் காசு. இதே பேஸ் ட்ரம் என்றால் 40 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே மாதிரியாக எப்போதும் சின்னதைக் கேளுங்கள். மிகுதி கப்பலில்தான் வர வேண்டும். முழுச் செட்டும் ஒரு கனமீற்றருக்குள் அடங்கியது. கப்பலில் குறைந்தது ஒரு கனமீற்றருக்குக் கட்டணம் எடுப்பார்கள், போதாததற்குக் கொழும்பில் இறக்கும்போது வரும் செலவுகள் சில வேளை கப்பல் கூலியையே மிஞ்சும். இதையெல்லாம் சேர்த்தபோது, காகிதத்தில் 35,000 ரூபா மலிவாக இருந்த சியால்கோட் செட் இரும்புக் கூட்டிலேயே கொழும்பு விலைக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. அலுமினியத்துக்கு மாறியபோது கூடிவிட்டது. அதை ஈடுகட்ட ஒரு டெனர் ட்ரம்மையும் ஒரு சோடி சிம்பலையும் விட்டுக்கொடுத்தோம். ஆசிரியருக்கு அது மனக்குறைதான்.

சுங்கத்தில் மேளம் 9206 என்ற இலக்கத்தின் கீழ் வரும். இந்தியாவுடன் 2000 இலிருந்தும் பாகிஸ்தானுடன் 2005 இலிருந்தும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகள் நடைமுறையில் உள்ளன. சலுகை உண்டா இல்லையா என்பதைப் பணம் அனுப்ப முன் கிளியரிங் ஏஜன்டிடம் கேளுங்கள். உற்பத்தி மூலச் சான்றிதழ் இல்லாமல் சலுகை கேட்டுப் போய் நிற்காதீர்கள். இறக்குமதி என் கம்பனிப் பெயரில் நடந்ததால், ஒவ்வொரு பற்றுச்சீட்டின் பிரதியையும் சங்கத்தின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டச் செய்தேன். ஊர்க் காசில் கை வைக்கிறவன் வாயால் கணக்குச் சொல்லக் கூடாது.

மாதிரி வந்ததும் ஆசிரியர் ஆசை தீர அடித்துப் பார்த்தார். “நல்லா இருக்கு ஹாஜியார்” என்றார். பிள்ளைகளிடம் கொடுக்க நான் விடவில்லை. அதிபர், ஆசிரியர், நான் மூவரும் கூட்டின் உட்பக்கத்தில் ஒப்பமிட்டு, அதைப் படம் எடுத்துச் சியால்கோட்டுக்கு அனுப்பி, மிகுதி ஐந்தும் இதே மாதிரி இருக்க வேண்டும் என்று ஓடரில் எழுதினோம். மாதிரியைப் பிள்ளைகள் இரண்டு மாதம் பாவித்துக் கீறல் விழுந்த பிறகு, வந்த சரக்கோடு எதை ஒப்பிடுவது? வந்து சேரும்வரை அது அதிபரின் அலுமாரியில் பூட்டியிருந்தது. பேஸ் ட்ரம்மை 28 இலிருந்து 24 அங்குலமாகக் குறைத்தோம், 6.8 கிலோ. பணத்தில் 30 வீதம் முற்பணம், மிகுதி கப்பல் பத்திரத்தின் பிரதியைக் கண்ட பின்.

சரக்கு வந்தது. ஐந்து சைட் ட்ரம்மில் நான்கு மாதிரியைப் போலவே இருந்தன. ஒன்றில் அடித்தோலின் கீழ்க் கம்பி சரியாகப் பொருந்தவில்லை. படம் எடுத்து அனுப்பினேன், பாய் அடுத்த வாரமே புதுக் கம்பி அனுப்பினார். என் பிழை ஒன்றும் இருந்தது. இத்தனை கேள்வி கேட்டவன் தோள்பட்டியின் நீளத்தைக் கேட்க மறந்துவிட்டேன். அவை பெரிய ஆட்களுக்குச் செய்தவை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மேளம் முழங்காலில் வந்து இடித்தது. பஸாரில் பேக் தைக்கும் தம்பி எல்லாப் பட்டிகளையும் வெட்டித் தைத்துக் கொடுத்தார், பாடசாலைக்கென்றதால் நூல் காசு மட்டும் எடுத்தார்.

கொழும்புக் கடைக்காரர் பிறகு ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று விசாரித்தார். சொன்னேன். உதிரித் தோல் தீர்ந்தால் அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும், 14 அங்குலம் அவரிடம் எப்போதும் இருக்கிறது. 12-24 போல்ட் இரண்டு டசன் உதிரியாகக் கேட்டு வாங்கியதை எண்ணெய் தடவி ஒரு போத்தலில் போட்டு என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். போன இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் ஆசிரியர் வந்து அதில் ஒன்றை எடுத்துப் போனார்.